ஏழாம் எண் பாட்டில்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கவே வெட்கப்படுகிறாள். அங்கே வேலை செய்யும் இடத்தில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் “பரவாயில்ல” என்று முடித்துவிடுவீர்கள். போனில் சொல்ல முடியாத விஷயம் எனக்கும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

ஏரி இந்த வருஷமும் நுரைத்துவிட்டது. நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஏரியில் வந்து விழும் ஒன்பது குழாய்களில் எது மோசமோ அதை முதலில் அடைப்பது என்று எங்கள் ஏரிக்குழுவில் பேசினோம். பெயர் தெரிந்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று சண்டை வரும். அதனால் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களில் எண் மட்டும் ஒட்டுவோம், எந்த எண் யாருடையது என்பதை உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவோம், கை தூக்கி முடிவு செய்த பிறகு பிரிப்போம் என்று யோசனை சொன்ன புத்திசாலி நான்தான்.

முதல் மழையன்று குடை பிடித்துக்கொண்டு ஒன்பது இடத்திலும் நானே தண்ணீர் பிடித்தேன். ஏழாவது பாட்டிலில் எண்ணெய் மிதந்தது. அது உங்கள் அண்ணன் நடத்தும் நம் வண்டி கழுவும் ஷெட்டின் குழாய். உங்களிடம் மறைப்பானேன், வேறு பாட்டிலில் மாற்றி ஒட்டிவிடலாம் என்று அந்த ஸ்டிக்கரைப் பாதி உரித்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. திரும்ப அழுத்தி ஒட்டினேன்.

கூட்டத்தில் பாட்டில்களை மேஜைமேல் வரிசையாக வைத்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது உங்கள் அண்ணன். “இதெல்லாம் மனுஷன் பண்ற வேலையா? எவனா இருந்தாலும் சரி, ஏழாம் நம்பரை சிமெண்ட் போட்டு அடைங்க!” என்று முதல் ஆளாகக் கை தூக்கினார். நானும் தூக்கினேன். உறையைப் பிரித்துத் தலைவர் படித்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஆனால் எனக்குத் தெரிந்திருந்ததே. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு நாளில் அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. “நானும் கை தூக்கினேன், நீயும் தூக்கின. ஆனா நீ தெரிஞ்சு தூக்கினம்மா” என்றார்.

குழுவும் ஈவிரக்கம் இல்லாதது அல்ல. கழுவிய தண்ணீர் ஒரு குழியில் தேங்கித் தெளிந்து, புல் பாத்தி வழியாக ஏரிக்குப் போனால் ஷெட்டை நடத்தலாம் என்கிறார்கள். அதற்கு இருக்கிற ஒரே இடம் ஷெட்டின் பின்பக்கம். ஆமாம், நம் வீட்டுக்காக நீங்கள் நாலு முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போன இடம்தான். மனை உங்கள் பெயரில் இருப்பதால் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் குழி வெட்டாவிட்டால் சிமெண்ட்தான். அண்ணன் பிழைப்பும் போகும், ஷெட்டை நம்பித் திரும்பி வருவேன் என்கிற உங்கள் பேச்சும் போகும்.

அலுத்துவிட்டது எனக்கு. குழுவும் வேண்டாம் கூட்டமும் வேண்டாம் என்றிருக்கிறது. நேற்று அந்த மனையில் போய் நின்றேன். இங்கே சமையலறை, இங்கே ஜன்னல் என்று நீங்கள் கை காட்டி ஆறு வருஷமாகிறது. கயிறு இற்றுப்போய்விட்டது. அங்கே வீடு வராது என்று சொன்னதும் மகள், “அப்பா வந்தா எங்க படுப்பாரு?” என்று கேட்டாள். இருக்கிற ஒரே அறையில் நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம் என்றேன்.

அந்தப் படிவத்தை இதோடு வைத்து அனுப்பவில்லை. என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீங்களே வந்து கையெழுத்துப் போடுங்கள்.

கோபம் இருந்தால் அதையும் நேரில் வந்தே காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்ளும்,

நீங்கள் கேலியாகக் கூப்பிடும்
செயலாளர் அம்மா