உன் மூடிய கைக்குள் இருந்த சந்தேஷ்

அன்புள்ள மணியண்ணா,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வலது கையில் கட்டு, ஆள்காட்டி விரலில் தையல், இடது கையால் எழுதுகிறேன். கடித்தது நாயில்லை. நம் தெரு கிளப்பின் செயலாளர் தபன்தா. போன வருஷம் அஷ்டமியன்று துர்கா பந்தலில் உன்னைக் குடிகாரன் என்று சொல்லிக் கன்னத்தில் அறைந்தாரே, அவரேதான்.

"ஏன்டி, மறுபடியும் அடிதடியா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், அடிதடிதான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. முழுக்கக் கேள்.

நம் வீட்டில் கை நீட்டுகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலையைப் பிடித்ததே அதற்கு வசதியாகத்தான் என்று அப்பா சொல்வார். நீயோ கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விடுகிற ஆள். மணியண்ணாவை மொனிதா என்று ஆக்கிக்கொண்ட இந்த வங்காளித் தெருவில், உன்னோடு பேச்சு நின்றுபோனவர் என்று ஒருத்தர் கிடையாது.

அப்படிப்பட்ட நீ ஒருநாள் காலை உப்புமாத் தட்டைத் தூக்கி எறிந்தாய். தட்டின் விளிம்பு பட்டு அண்ணியின் நெற்றி கிழிந்தது. உன் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. அண்ணி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே உனக்குச் சர்க்கரை போட்ட பாலைத்தான் கொடுத்தாள். பதற்றத்தில், சர்க்கரை போடாத உன் டம்ளர் எது என்று பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போய், அவள் நெற்றியைப் பார்த்து, "எங்க இடிச்சிக்கிட்ட?" என்று கேட்டாய். நீ நடிக்கிறாய் என்று நினைத்தேன்.

அப்புறம் ஆட்டோக்காரரின் காலரைப் பிடித்தாய். ஆபீசில் நாற்காலியை உதைத்தாய். எல்லாமே சாப்பாட்டுக்கு முன்னால் நடந்தவை. அதை ஏன் நம்மில் ஒருத்தரும் கவனிக்கவில்லை? உனக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து கால் புண், கண் மங்கல், ராத்திரித் தாகம் என்று எதையெதையோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். சர்க்கரை ஏறுமே என்றுதான் பயந்தோம். இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. வியர்வையும் நடுக்கமும் கோபமும் சேர்ந்து வந்தால் அது உடம்பு போடுகிற கூச்சல் என்று யாருக்குத் தெரியும்? அண்ணி காளிகாட்டுக்குப் போய்த் தாயத்து வாங்கிவந்து உன் கையில் கட்டினாள்.

எல்லாம் அந்தப் பச்சை லேபிள் பாட்டில் வந்த பிறகு ஆரம்பித்தது. லேக் மார்க்கெட்டில் நாம் அப்பளம் வாங்குகிற கடைக்குப் பக்கத்தில் புதிதாக வந்த கடை. பாகற்காய், நாவல்கொட்டை, வெந்தயம், எல்லாம் காப்ஸ்யூலுக்குள். "இயற்கைதானே, என்ன பண்ணிடப்போவுது?" என்று டாக்டர் கொடுத்த மாத்திரையோடு அதையும் போட்டாய். டாக்டரிடம் சொல்லவில்லை. பரிசோதனையில் சர்க்கரை குறைந்திருக்கிறது என்றதும் ஊருக்கெல்லாம் காட்டிச் சந்தோஷப்பட்டாய்.

பிறகு அஷ்டமி. வெறும் வயிற்றோடு நின்று பூ அள்ளிப் போடுகிற அஞ்சலியை நாம் சின்ன வயதிலிருந்து விட்டதில்லை. ஏகாதசிக்கு இட்லி தின்பான், அஷ்டமிக்குப் பட்டினி கிடப்பான் என்று தஞ்சாவூர்ச் சொந்தக்காரர்கள் உன்னைக் கேலி செய்வார்கள். அன்றைக்கும் மாத்திரையைப் போட்டாய், காப்ஸ்யூலைப் போட்டாய், தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாமல் வரிசையில் நின்றாய். கூட்டம் அதிகம். நம் முறை வர வெயில் ஏறிவிட்டது.

நான் பெண்கள் வரிசையில் இருந்து பார்த்தேன். நீ முன்னால் நின்றவரை இடித்துத் தள்ளினாய். பூக்கூடையைத் தட்டிவிட்டாய். நேரே போய் அம்மனுக்குப் படைக்க வைத்திருந்த தட்டில் கையை விட்டு சந்தேஷ் இனிப்பு ஒன்றை எடுத்தாய். உன் உடம்புக்குத் தெரிந்திருந்தது அண்ணா, அது எதைக் கேட்கிறது என்று. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

எதிர்வீட்டு மிதாலி பௌதி ஓடிவந்து உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மொனிதா, வேண்டாம், உங்களுக்கு ஷுகர்!" எனக்கு இனிப்பு கொடுக்காதீர்கள் என்று நீயே தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைத்திருந்தாய் அல்லவா? அன்பில்தான் பிடித்தாள். நீ உதறினாய், அவள் விழுந்தாள். ஒரு பொம்பளை விழுந்ததும் தபன்தா மைக்கைக் கீழே வைக்காமலே கத்தினார். "மாதால்! அஷ்டமியன்னிக்குக் குடிச்சிட்டு வந்திருக்கான்!" அந்தக் குரல் மெயின் ரோடு வரைக்கும் போனது. அறைந்தார். இன்னும் நாலைந்து கைகள் சேர்ந்தன. நான் தபன்தாவின் குர்தாவைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, நீ மல்லாந்து விழுந்து மேடையின் இரும்பு விளிம்பில் உன் பின்மண்டை மோதிய சத்தம் கேட்டது. தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே அந்தச் சந்தேஷ் நசுங்கிக் கிடந்தது. ஒரு துணுக்குக்கூட உன் வாய்க்குப் போகவில்லை.

டாக்டர் சொன்னார், குடித்ததற்கு அடையாளமே இல்லை, சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கியிருக்கிறது என்று. பச்சைப் பாட்டிலைக் காட்டினேன். "மூலிகைன்னு விக்கிறதுல சிலதுல சர்க்கரை மாத்திரையையே பொடிச்சுக் கலந்திடறாங்க. இதுல இருக்கான்னு சோதிச்சாத்தான் தெரியும். கலக்கலேன்னாலும் மாத்திரையோட சேர்ந்தா இறக்கிவிடும். ஆள் முழிச்சிருந்தா உடனே சர்க்கரை கொடுக்கணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம இங்க தூக்கிட்டு வரணும்," என்றார். நீ கண் திறக்கவே இல்லை. அம்மனைக் கரைப்பதற்கு முன்னால் உன்னைக் கரைத்துவிட்டோம்.

காரியம் முடிந்த கையோடு அந்தக் கடைக்குப் போனேன். குடையால் ஒரே வீச்சு, அலமாரி முழுக்கத் தரையில். பாட்டில்களைச் செருப்புக் காலால் மிதித்தேன். கடைக்காரர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடுய்யா, நானும் பேசணும்," என்றேன். கூப்பிடவில்லை. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

ஆனால் தெரு வாயை என்ன செய்வது? அம்மன் தட்டில் கை வைத்த குடிகாரன் என்று உன் பெயர் நிலைத்துவிட்டது. அண்ணி பால் வாங்கப் போனால் பேச்சு நிற்கும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்த மைக்கில் உன்னைக் குடிகாரன் என்றாரோ அதே மைக்கில் தபன்தா இல்லை என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னா எழுதிக் கொடுப்பாங்க," என்றார். வெளியே வந்து அவர் ஸ்கூட்டரின் கண்ணாடி இரண்டையும் உடைத்தேன். மனம் ஆறவில்லை.

இந்த வருஷம் பந்தல் போட ஆரம்பித்ததும் கிளப்புக்குப் போனேன். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் பட்டினியாக நிற்க வேண்டாம், எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்து பூப் போடுங்கள் என்று மைக்கில் சொல்லச் சொன்னேன். அஞ்சலிக்கு முன்னால் சாப்பாடா என்று தபன்தா சிரித்தார். சரி என்று, அஷ்டமியன்று பள்ளிக்கூட விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பத்தாஷாச் சர்க்கரை வில்லைப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றேன். அண்ணி வரவில்லை. மிதாலி பௌதியும் வரவில்லை. அவள் அன்றிலிருந்து யார் கையையும் தொடுவதில்லை.

வெயில் ஏறியது. மேடையில் மைக்கோடு நின்ற தபன்தா ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜனம் சிரித்தது. அவர் குர்தா முதுகோடு ஒட்டியிருந்தது. பூக்கூடையை உதைத்தார். தாக் அடிக்கிறவரை மைக்காலேயே ஓங்கி அடித்தார். இழுத்துக் கீழே போடு என்று யாரோ கத்த, இளவட்டங்கள் மேடையில் ஏறினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன் அண்ணா. விழட்டும் என்று நினைத்தேன். அதே இரும்பு விளிம்பில், அதே மாதிரி மல்லாந்து விழட்டும். என் கால் நகரவில்லை. அதற்குள் அவர் கை தட்டைத் தேடிப் போனது. உன் கை போன அதே இடத்துக்கு.

விசிலை ஊதினேன். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினேன். "தொடாதீங்க! யாரும் கை வைக்காதீங்க!" என்று வங்காள மொழியில் கத்திக்கொண்டே மேடையில் தாவினேன். அவர் என்னை அறைந்தார். திருப்பி அறைய ஓங்கின கையால் அவர் தோளை மடக்கிப் பிடித்து உட்கார வைத்து, பத்தாஷாவை வாயில் திணித்தேன். கடித்தார். எலும்பு வரைக்கும் பல் இறங்கியது. முழுங்கு, முழுங்கித் தொலை என்று தமிழில் என்ன கெட்ட வார்த்தையெல்லாம் உண்டோ அவ்வளவும் சொன்னேன். இன்னொன்று, இன்னொன்று. அவர் தாடையெல்லாம் என் ரத்தம்.

மெதுவாக அவர் பார்வை வந்தது. என் கையைப் பார்த்தார். "சாந்தி, ரத்தம் வருதே. யார் பண்ணினது?"

உப்புமாத் தட்டு நாளில் நீ அண்ணியிடம் கேட்டாயே, அதே முகம். அன்றைக்கு ஒருத்தர், ஒரே ஒருத்தர் உன் கையை விட்டிருந்தால், நீயும் எழுந்து உட்கார்ந்து மிதாலி பௌதியைப் பார்த்து, யார் தள்ளினது என்று கேட்டிருப்பாய். அங்கேயே அழுதுவிட்டேன்.

தசமியன்று அம்மனை லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் தபன்தா மைக்கை எடுத்தார். "மொனிதா குடிக்கல. அவருக்கு வந்தது எனக்கும் வந்தது. என்னைக் காப்பாத்தினாங்க. நாம அவரை அடிச்சோம்." அவ்வளவுதான் சொன்னார். மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. அண்ணி பால்கனியில் நின்று கேட்டாள். அவரை நான் மன்னிக்கவில்லை. அது வேறு.

கடிதத்தை இங்கே முடித்திருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் தபன்தாவின் மனைவி வீட்டுக்கு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து பச்சை லேபிள் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். "இவருக்கும் சர்க்கரை இருக்கில்ல, இது உங்க அண்ணன் குடுத்தது. ரொம்ப நல்லதுன்னு சொல்லி மூணு பாட்டில் குடுத்தார். காலையில கூட நடக்க வர்றவங்க எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தாரே. போன வருஷம் நடந்ததுக்கு அப்புறம் இவர் கோபத்துல ஒதுக்கி வெச்சிருந்தார். பூஜைக்கு முன்னாலதான் எடுத்துப் போட ஆரம்பிச்சார்."

எல்லாருக்குமா அண்ணா? யாருக்கெல்லாம்? உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எறியலாம் என்று வந்தது. எறியவில்லை, குப்புறத் திருப்பி வைத்தேன். ராத்திரி அண்ணி நிமிர்த்தி வைத்துவிட்டாள். உன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவே இல்லை. நல்லது செய்கிறோம் என்றுதானே கொடுத்தாய்? மிதாலி பௌதியும் அப்படி நினைத்துத்தானே உன் கையைப் பிடித்தாள்?

நாளைக் காலையில் கிளம்புகிறேன். உன்னோடு ஏரியைச் சுற்றி நடந்தவர்கள் ஒருத்தர் விடாமல் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவேன். முதல் வீடு மிதாலி பௌதி வீடு. கூட வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். என் அண்ணன் குடிக்கவில்லை, ஆனால் இந்தப் பாட்டிலைக் கொடுத்தவன் அவன்தான் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன். தராதவர்கள் வீட்டில் அலமாரியை நானே திறப்பேன். கடைசிப் பாட்டில் உடைகிற வரைக்கும் நிற்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மேல் கோபம் தீராத, உன் கைக்குள் இருந்ததைப் பார்த்த
தங்கை சாந்தி