சுவரைத் தட்டாதே

என் வீட்டு அம்மாளுக்கு, உன் வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

நம்ப மாட்டாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார். இது யார் எழுத்து என்று அக்கா மகளிடம் கேட்காதே, என்னுடையதேதான். பஸ் போர்டு முதல் மருந்துச் சீட்டு வரை இத்தனை காலம் எனக்குப் படித்துச் சொன்னவள் நீ. இப்போது நான் எழுதுகிறேன், நீ படிக்கிறாய். ஒரு வரி முடிப்பதற்குள் ஒரு வரிசை செங்கல் வைத்துவிடலாம், அவ்வளவு மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் வருகிறது! 'ழ' போடும்போது மட்டும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது.

சொல்லிக்கொடுத்தது மருமகள். உடனே கடிதத்தை மடித்துவிடாதே. போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. மகனோடு வேலை பார்ப்பவர் ஒருவர் இன்று சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிட வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

மகன் எடுத்து அனுப்பிய டிக்கெட்டை நீ அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருப்பதாக அக்கா மகள் சொன்னாள். கிழித்துப் போடாமல் வைத்தாயே, அதுவே போதும். பயணம் அடுத்த வாரம். "சொல்லாம கொள்ளாம தாலி கட்டிக்கிட்டவ வீட்டுப் படிய நான் மிதிக்கவா"ன்னு நீ கேட்டதை நேரில் பேசிக்கொள்வோம். "பாஷை தெரியாத ஊர்ல நான் போய் என்ன பண்ணுவேன்"ன்னும் கேட்டாயே, அதற்குப் பதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

பெட்டியில் தின்கிற சாமான் எதையும் கட்டாதே. திறந்து பார்த்துக் குப்பையில் போடுவார்கள், உனக்கு வயிறு எரியும். சர்க்கரை மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. விமானத்தில் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். பக்கத்து ஆளிடம் நான் செவிடாகிவிட்டேன் என்று சொல்லாதே, நான் சொன்னேன்.

இறங்கியதும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அதிகாரி இருப்பார். தமிழ் தெரிந்த ஆளைப் போனில் பிடித்து, எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார். எப்போது திரும்புவீர்கள் என்றதற்கு நான், "என் வீட்டுக்காரியத்தான் கேக்கணும்"ன்னேன். போனில் பேசியவர் அதை அப்படியே சொல்லியிருப்பார் போல, அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். எதற்கு வந்தீர்கள் என்று உன்னைக் கேட்டால், பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது என்று சொல். மருமகளைப் பார்க்க வந்தேன் என்று சொன்னாலும் குற்றமில்லை.

இங்கே வண்டிகள் எதிர்ப்பக்கமாக வருகின்றன. நாம் பார்த்துப் பழகிய பக்கம் சும்மா கிடக்கும், பார்க்காத பக்கத்திலிருந்து பாய்ந்து வருவான். இரண்டு பக்கமும் பார். பஸ்ஸில் சத்தம் போட்டால் நிற்காது, கம்பத்தில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். குளியலறையில் இடது குழாய் கொதிக்கும், என் புறங்கைத் தோல் சாட்சி. வாசல் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும். குப்பை போட லுங்கியோடு வெளியே போனவன், மகன் வேலையிலிருந்து வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்.

கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை. இந்த வரி கோணலாக இருந்தால் பெஞ்சுதான் காரணம்.

முக்கியமானது ஒன்று. இங்கே சுவரைத் தட்டாதே.

உனக்குத் தெரியும், எந்த வீட்டுக்குள் போனாலும் என் விரல் சும்மா இருக்காது. வந்த புதிதில், இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் செங்கல் இல்லை, பிஸ்கட் டப்பா மாதிரி பொக்குச் சத்தம். ஒரு சுவர் மட்டும் திருப்பித் தட்டியது! அட, எதிரொலி இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே என்று இன்னும் பலமாகத் தட்டினேன். அதுவும் பலமாகத் தட்டியது. நான் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டே இருக்க, கட்டடக் காவலாளிகள் இரண்டு பேர் கதவை உடைக்காத குறையாக வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற வெள்ளைமுடி அம்மாள் ஆள் அனுப்பியிருக்கிறாள். மகன் சாயங்காலம் வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டான். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, இந்த ஊர்ல சுவத்தத் தட்டினா உசுருக்கு ஆபத்து, ஓடி வாங்கன்னு அர்த்தம். வீடு கட்டினவன் மேல குறை இருந்தா எங்கிட்ட சொல்லுங்க"ன்னாள். மறுநாளே என் கையில் பென்சிலைக் கொடுத்தாள். விரலுக்கு வேலை வேண்டுமே என்றாள்.

இப்போது சொல்கிறேன், பதறாதே. வயிற்றில் குழந்தை நன்றாக இருக்கிறது. மருமகளும் இருக்கிறாள். முந்தாநாள் மகன் வேலைக்குப் போன பிறகு, அடுப்படியில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். புடவையெல்லாம் ரத்தம். அவள் போன் எனக்குத் திறக்கவில்லை. என் போனில் மகன் எடுக்கவில்லை. வெளியே ஓடினால் கதவு பூட்டிக்கொள்ளும், சாவி எங்கே என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. யாரை என்ன சொல்லிக் கூப்பிட? அப்புறம் அந்தச் சுவரை இரண்டு கையாலும் அடித்தேன். கொத்தனார் கை, சும்மாவா? வெள்ளைமுடி அம்மாள் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். பார்த்தாள், போன் செய்தாள், ஆம்புலன்ஸ் வண்டி வரும்வரை மருமகள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆக, தட்டாதே என்றால், காரணம் இல்லாமல் தட்டாதே.

வண்டியில் ஏற்றும்போது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மாமா, தனியா இருக்காங்க, பயந்துருவாங்க"ன்னாள். சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பெஞ்சு ஆஸ்பத்திரிப் பெஞ்சு.

பிரசவம் வரை அவள் அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம். மகன் வேலைக்கும் இங்கேயுமாக அலைகிறான், முகத்தில் தாடி. அவளுக்கு அம்மா இல்லை என்பது உனக்குத் தெரியும். நர்சுகள் நல்லவர்கள், மருந்தெல்லாம் நேரத்துக்குத் தருகிறார்கள். ஆனால் படுத்தே கிடந்து அவள் தலைமுடி சிக்கிக் கிடக்கிறது. நேற்று நான் சீப்பு எடுத்துப் பார்த்தேன். என் கைக்கு அது வரவில்லை. வலிக்கிறது என்று அவள் சொல்லவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டாள். நான் சீப்பை வைத்துவிட்டு வெளியே வந்து நடந்தேன். இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. வந்து அவளை நாலு வார்த்தை திட்டு. அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு பத்து வார்த்தையாகத் திட்டு. ஆனால் வந்து திட்டு.

கடைசியாக ஒன்று. பெட்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டினால் ஒரே கூட்டமாக இருக்கும். ஆளாளுக்கு ஒரு அட்டையில் பேர் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் வந்த அன்றைக்கு அதெல்லாம் எனக்கு வெறும் கோடு. நீ அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வா. நானும் ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறேன். ஏய், இந்தா என்றே உன்னைக் கூப்பிட்டுப் பழகிய வாய், பேரைச் சொன்னதே இல்லை. அந்தப் பேரைத்தான் எழுதினேன். மருமகளிடம் காட்டினேன். கீழே கொஞ்சம் இடம் இருக்கிறதே மாமா, என் பங்குக்கு 'அத்தை'ன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

நீ நல்லபடியாக ஏறி நல்லபடியாக இறங்க வேண்டும். அந்தக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அட்டையைத் தூக்கிப் பிடிப்பேன். கடைசி ஆள் வெளியே வரும்வரை கையை இறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
(எழுதியதும் அவனே)