மதினிக்கு நான் சொல்லாமல் விட்டவை

என் பிரியத்துக்குரிய எஸ்தர் மதினிக்கு,

ஏழு வருடமாக உங்கள் கல்லறைக்கு வந்து பூ வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியிருக்கிறேன். இப்போது மலையேறி வரவும் முடியவில்லை. நானும் உங்கள் மகள் கிருபாவும் அடிவாரத்தில், ஆயக்குடியில், ஒரு கொய்யாத் தோப்பை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். ஏன் மலையை விட்டு இறங்கினோம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால், என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

எழுபதுகள் முடியும் சமயம். கொடைக்கானலில் பள்ளி விடுதியின் சலவைக்கூடத்தில் நீங்கள். அதே பள்ளி அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டு நான். ஈரக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு காயப்போடும் மேட்டுக்கு ஏறும்போது பாதியில் நின்றுவிடுவீர்கள். குளிர் என்றார்கள், ரத்தசோகை என்றார்கள். "முப்பது வயசுலயே மூச்சு வாங்குதாக்கும்" என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ஒரு நாள் கம்பளியோடு சரிந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

மதுரைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மெட்ராஸுக்கு. பள்ளிப் பஸ் ஓட்டும் அண்ணனுக்கு வேலையை விட்டு வர வழியில்லை, கிருபாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ் தெரிந்தவள் என்று என்னை உங்களோடு அனுப்பினார்.

கை வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்திப் பார்த்தார்கள். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இறுகிவிட்டன, அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயம் ஓய்ந்துபோகிறது என்றார் டாக்டர். இதற்கென்று மருந்து எதுவும் இல்லை. ரத்தக் குழாயைத் தளர்த்தும் ஒரு மாத்திரையை இந்த நோய்க்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். விருப்பமிருந்தால் அந்தச் சோதனையில் சேரலாம்.

அவருக்குத் தமிழ் அரைகுறை. உங்கள் கட்டிலின் மறுபக்கம் நின்று என்னிடம் இங்கிலீஷில், நிதானமாகத்தான் சொன்னார். மாத்திரை உதவுமா என்று யாருக்கும் தெரியாது. அளவைக் கூட்டும்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தலை சுற்றினாலோ கண் இருண்டாலோ உடனே சொல்ல வேண்டும். எந்த நாளும் விலகிக்கொள்ளலாம்; விலகினாலும் வைத்தியத்தை நிறுத்த மாட்டோம்.

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன சொல்றாரு ஜெயா?"

"புது மாத்திரையாம் மதினி. குழாயெல்லாம் லேசாயிருமாம். கையெழுத்துப் போட்டா நாளைக்கே ஆரம்பிச்சிருவாங்க."

"அம்புட்டு நேரம் பேசுனாரே. வேற ஒண்ணுஞ் சொல்லலயா?"

"வேற ஒண்ணும் இல்ல."

எல்லாம் புரிந்ததா என்று டாக்டர் என்னைக் கேட்டார். புரிந்தது என்றேன். நீங்கள் தலையணையில் தாளை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டீர்கள்.

ஏன் அப்படிச் செய்தேன்? முழுதும் சொன்னால் மிரண்டுபோய் ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள், மலையிலேயே செத்துப்போவீர்கள் என்று பயந்தேன். உங்களைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

முதல் இரண்டு வாரம் எனக்குக் கர்வம்கூட வந்தது. வராந்தாவின் கோடி வரை நடந்து வந்து, "ஏ ஜெயா, எங்கயும் நிக்காம வந்துட்டேன் பாரு" என்றீர்கள். மூன்றாம் வாரம் அளவைக் கூட்டினார்கள். நான்காம் நாள் காலை, நான் காப்பி வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தபோது உங்கள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்தீர்களாம். எவ்வளவோ போராடினார்கள். இறங்கிய அழுத்தம் ஏறவே இல்லை.

பக்கத்துக் கட்டில் அம்மாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மூணு நாளாவே எழுந்தா கண்ணைக் கட்டுதுன்னு சொல்லிச்சும்மா. டாக்டர்கிட்ட சொல்லுன்னேன். சொன்னா மாத்திரையை நிறுத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க, ஜெயாகிட்டக்கூடச் சொல்லிடாதீங்கன்னுச்சு."

அனுப்பியிருக்க மாட்டார்கள் மதினி. உங்களுக்குத்தான் அது தெரியாதே. நான் சொல்லவில்லையே.

அன்றைக்கே டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். சொந்தக்காரரை நம்பி விட்டது தன் தவறு என்றார். நோய் எப்படியும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம்தான் விட்டிருக்கும் என்றும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னார். அந்த ஒரு வருடத்தை எங்கே, எப்படிக் கழிப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள் அல்லவா?

அண்ணனிடம் சொல்லவில்லை. அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். "வெரசாக் கீழ எறக்கியிருந்தாப் பொழச்சிருப்பா. பஸ்ஸு சோலியே கதின்னு கெடந்துட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஏழு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கிருபாவுக்குப் பதினெட்டு. போன மழைக்காலத்தில் வட்டக்கானல் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்றாள். திரும்பிப் பார்த்தேன். உதடு. எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், தலை நரைத்திருக்கிறது. சில குடும்பங்களில் இது தொடர்ந்து வரும் என்றார். உயரம் ஆகாது, இறங்கிவிடுங்கள் என்றார். இன்னொரு மருந்தைச் சோதிக்கிறார்களாம். தாள் இப்போது தமிழில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வரச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தார்.

அந்தத் தாள் வீட்டில் இருக்கும்போது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. போன ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மதியம் சாப்பிடும்போது இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

கிருபா ஒன்றே ஒன்று கேட்டாள். "வேற ஒண்ணும் சொல்லலயான்னு அம்மா கேட்டாங்களா அத்தே?"

"கேட்டாங்க."

அதற்குமேல் அவள் அழுததை நான் எழுதவில்லை.

இரண்டு நாள் அந்தத் தாளோடு உட்கார்ந்தாள். பென்சிலால் கோடு போட்டாள், ஓரத்தில் கேள்விகள் எழுதினாள். நேற்றுக் காலை வெள்ளனே என்னிடம் வந்தாள். "நான் சேரப்போறேன். உதவாமயே போகலாம்னு தெரிஞ்சுதான் சேர்றேன். நீங்களும் கூட வாங்க அத்தே. ஆனா எனக்குப் பதிலா நீங்க பேச வேணாம்."

திங்கட்கிழமை கிளம்புகிறோம் மதினி. அவள் உங்களைவிட நிறைய நாள் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அவள் பக்கத்தில் இருப்பேன். அவளுக்கு வருகிற எந்த வார்த்தைக்கும் குறுக்கே நிற்க மாட்டேன். அவள் என்னைக் கேட்டால், கேட்கவே பயமாக இருக்கிற பதிலானாலும் குறைக்காமல் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
ஜெயமணி