அக்காவின் நிறத்துக்கு ஒரு பிரிண்டர்

செவ்வாய், ஜூன் 10

அக்கா என்ன நிறம்? என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த முகம். கறுப்பு என்று ஊரெல்லாம் சொன்னது. எந்தக் கறுப்பு? நிறம் என்பது விழுகிற வெளிச்சத்தைப் பொறுத்தது என்று கல்லூரியில் வருடா வருடம் பாடம் எடுக்கிறவள் நான். பாடம் உதவவில்லை.

வெயில். காற்றே இல்லை. மாலை மந்தைவெளி, அக்கா கணவர் மாமாவின் வீடு. அக்கா போய் வருஷம் திரும்பியாயிற்று. ஞாயிறன்று அவள் மகள் நந்தினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூடத்தில் புதுப் படம், பெரிய ஃபிரேம், சந்தன மாலை. உள்ளே பட்டுப்புடவையில் யாரோ ஒரு சிவப்பான அம்மாள்.

"எப்படி இருக்கு மல்லிகா?" என்றார் மாமா.

"யார் இது?"

"என்ன கேள்வி இது? உங்கக்காதான்."

மூக்கு மட்டும் அக்காவுடையது. மற்றதெல்லாம் ஸ்டுடியோவுடையது. மூலப்படம் எனக்குத் தெரியும். நந்தினி போனில் எடுத்தது. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே வாய்விட்டுச் சிரிக்கிற அக்கா. நைட்டி, மேலே துண்டு. நைட்டி இப்போது பட்டு. கழுத்தில் அவளிடம் என்றுமே இல்லாத காசுமாலை. உதட்டுக்குக் கீழே இருந்த மரு போய்விட்டது. சிரிப்பைக்கூடப் பாதியாகக் குறைத்திருக்கிறான்.

மாமா விளக்கினார். "வர்றவங்க உள்ள நுழைஞ்சதும் மொதல்ல பாக்கறது இந்தப் படத்தத்தான். அம்மாவ வெச்சுதான் பொண்ண எடை போடுவாங்க. நீ காலேஜ்லயே இருக்கிறவ, உனக்கு இதெல்லாம் புரியாது."

மாமா நல்ல சிவப்பு. நந்தினி அப்படியே அக்கா. அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு பாத்திரம் மட்டும் தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது.

அக்காவின் பெண் பார்க்கும் படம் நினைவுக்கு வந்தது. முகத்தில் பவுடர் அப்பி, கழுத்து வேறு நிறம். அன்றைக்காவது ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. செத்த பிறகுமா?

பஸ்ஸில் வீடு வரும் வரை கோபம்தான்.

புதன், ஜூன் 11

மின் கட்டணம் கட்டியாயிற்று. தயிர் வாங்க மறந்தேன்.

கல்லூரி முடிந்து நேரே குளத்தங்கரை ஸ்டுடியோ, மாமா படம் போட்ட அதே இடம். நந்தினி அனுப்பிய மூலப்படத்தைக் காட்டி, ஒன்றும் செய்யாமல் அப்படியே பிரிண்ட் போடச் சொன்னேன்.

"அப்டியேன்னா?"

"இருக்கிற நிறத்தில்."

அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை! "இன்னா மேடம், செத்துப் போனவங்கள யாராச்சும் கறுப்பா மாட்டுவாங்களா? எல்லாரும் இன்னும் கொஞ்சம் வெளுப்பா கேக்கறாங்கோ. நீங்க ஒர்த்தர்தான் கம்மி பண்ணச் சொல்றீங்கோ."

போட்டுக் கொடுத்தார். நைட்டி திரும்பி வந்தது, மரு வந்தது. முகம் மட்டும் கோதுமை மாவு.

"இது எப்படி வெளுத்தது?"

"மெஷின்ல செட்டிங்கே அப்டித்தான் கீது. ஒர்த்தருக்காக மாத்திக்கினு இருக்க முடியுமா?"

பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர், "நல்லாத்தானே இருக்கும்மா, லட்சுமிகரமா," என்றார். இவரை யார் கேட்டது?

வீட்டிலேயே அச்சிடுவது என்று முடிவு. நாளை தி.நகர்.

வியாழன், ஜூன் 12

மூன்று கடை ஏறி இறங்கினேன். தலைவலி. அறிந்துகொண்டது:

ரிப்பன் போடும் குட்டி போட்டோ பிரிண்டர் — படம் அழகு, தண்ணீர் பட்டாலும் கலையாதாம். ஆனால் தபால் கார்டு அளவுதான். சுவருக்கு ஆகாது.

லேசர் — வினாத்தாளுக்கு.

கார்ட்ரிட்ஜ் வகை — கொஞ்ச நாள் சும்மா விட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். என்னைப்போல் எப்போதாவது அச்சிடுகிறவர்களுக்கு வீண்.

பாட்டிலில் மை ஊற்றும் டேங்க் வகை — ஏ4 வரை வரும். இதுதான். நாலு மை, ஆறு மை என்று இரண்டு ரகம். நாலில் அடர்ந்த நிறங்கள் மொத்தையாக விழுகின்றன, மாதிரியிலேயே தெரிந்தது. ஆறு.

மாதிரி என்று எல்லாக் கடையிலும் காட்டுவது ஒன்றுதான்: வெள்ளைக்காரக் குழந்தை, பஞ்சவர்ணக்கிளி, பழக்கூடை. கறுப்பு முகம் ஒன்றுகூட இல்லை. கிளிக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லை.

மூன்றாவது கடையில் விற்பனைப் பெண், "இது எடுத்துக்குங்க மேடம். ஸ்கின் டோன் சூப்பரா வரும். யாரா இருந்தாலும் ஃபேரா காட்டும்."

"எனக்கு ஃபேராக வேண்டாம்."

"அய்யோ, ஏன் மேடம்?"

கத்தியிருப்பேன். நிமிர்ந்து பார்த்தேன். அவளும் அக்கா நிறம்தான். கழுத்து வரை. அதற்கு மேல் கிரீம். ஆறு மை பிரிண்டரைக் காட்டினேன். பளபளப்புத் தாள் ஒரு கட்டு சேர்த்து.

ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடையாறு. "டிவியாம்மா?" என்றார் ஆட்டோக்காரர். ஆமாம் என்றேன். விளக்கத் தெம்பில்லை.

வெள்ளி, ஜூன் 13

விடுப்பு போட்டேன். காரணம்: உடம்பு சரியில்லை. பொய்யுமல்ல.

மை ஊற்றியதில் விரலெல்லாம் ஊதா. முதல் பிரிண்ட் மெல்ல மெல்ல வெளியே வந்தது. நெற்றி வந்ததுமே தெரிந்துவிட்டது. வெளுப்பு! என் வீட்டில், என் மேஜை மேல், நான் பார்த்துப் பார்த்து வாங்கிய இயந்திரமும் அதையே செய்கிறது. யாரும் கேட்காமலே.

பவர் சுவிட்சை ஓங்கித் தட்டி அணைத்தேன். எதிர் வீட்டு நாய் குரைத்தது.

பிறகு நிதானமாகத் தேடினேன். கம்ப்யூட்டரில் அச்சிடும் பக்கத்தில் உள்ளுக்குள் ஒரு கட்டம். போட்டோவைத் தானே திருத்தும் வசதி. அதில் ஏற்கெனவே டிக். யார் வைத்த டிக்? எந்த ஊர் அறையில் உட்கார்ந்து யார் முடிவு செய்தது, அக்கா முகம் ஒரு பிழை என்று? எடுத்துவிட்டேன்.

இரண்டாவது: பாசி பிடித்த பச்சை. தாளின் வகையைத் தவறாகக் கொடுத்திருந்தேன். இது என் தவறு. மூன்றாவது: அடுப்புக்கரி. நான்காவது, ஐந்தாவது: ஒன்றில் செம்மை, ஒன்றில் சாம்பல். எல்லாவற்றையும் தரையில் பரப்பி நடுவில் உட்கார்ந்தேன். இத்தனை அக்காக்கள். எது சரி? சரி என்று சொல்ல எதோடு ஒப்பிடுவது? அவள் இல்லையே.

சாப்பிடவில்லை.

சனி, ஜூன் 14

காலையில் நந்தினி ஸ்கூட்டியில் வந்தாள். நாளைக்கு என் அரக்குப் புடவை வேண்டுமாம். தரையைப் பார்த்தாள்.

"என்ன சித்தி, அம்மாவ வெச்சுக் கடையே போட்டுட்ட?"

பிரச்சினையைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, கையை நீட்டினாள். "இந்தா. இதோட வெச்சுப் பாரு. சின்னதுல அம்மா இப்படித்தான் ரெண்டு கையையும் சேத்து வெச்சு, 'ஒரே மாவுல சுட்ட அடைடி'ம்பாங்க."

"நீ வெயிலில் வண்டி ஓட்டுகிறவள். கறுத்திருக்கும்."

"அப்ப உள்பக்கம் பாரு. சந்தேகப் பிராணி."

ஜன்னலருகே, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஒவ்வொரு தாளையும் அவள் கையின் உள்பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தோம். செம்மையைக் கொஞ்சம் கூட்டினேன், மஞ்சளைக் குறைத்தேன். மறுபடி அச்சு, மறுபடி கை. ஒரு தாள் வந்தது. கைக்கும் தாளுக்கும் நடுவே கோடு தெரியவில்லை.

"அம்மா," என்றாள் நந்தினி. நான் காபி போடப் போனேன்.

கூடத்தில் இதை மாட்டலாமே என்று போன் செய்தேன். மாமா: "நைட்டியோட மாட்டச் சொல்றியா? நாளைக்கா? என் பொண்ணு வாழ்க்கை மல்லிகா, உன் லேபாரட்டரி இல்ல."

முகம், தோள் வரைக்கும்தான் அச்சிட்டிருக்கிறேன். துண்டின் ஓரம் மட்டும் தெரியும் என்றேன். வைத்துவிட்டார்.

நாளை நான் வரவில்லை என்றேன் நந்தினியிடம். "நீ வரலேன்னா இந்தச் சட்டையோட வந்து நிப்பேன்," என்றாள். படத்தை ஃபைலில் வைத்து எடுத்துப் போனாள். என்ன நடக்கும் என்று தெரியும். படம் பீரோவுக்குள் போகும். சிவப்பு அம்மாள் கூடத்தில் இருப்பாள்.

ஞாயிறு, ஜூன் 15

நடந்தது மட்டும்.

சிவப்பு அம்மாள் கூடத்தில் இருந்தாள். புது மாலை. பையன், அவன் அம்மா, அப்பா. பையனின் அம்மா உட்கார்ந்ததும் படத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். காபித் தட்டோடு வந்த நந்தினியைப் பார்த்தார்.

"அம்மா நல்ல கலரா இருந்திருக்காங்க. நீங்களும் கலரு. பொண்ணு யாரு மாதிரிங்க?"

மாமா படத்தைப் பார்த்தார். அக்காவைச் சிவப்பாக்கியதில், பெற்ற பெண்ணை யார் ஜாடையும் இல்லாமல் நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டார். அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண் அங்குமிங்கும் போய் என்மேல் நின்றது. "அது... அவங்க சித்தி மாதிரி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாநிறம்.

நந்தினி தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஃபைலோடு வந்தாள். "எங்கம்மா மாதிரி ஆன்ட்டி. இதுதான் எங்கம்மா."

"அப்ப இது?" என்றார் சுவரைக் காட்டி.

"அது ஸ்டுடியோக்காரரோட அம்மா."

பையனின் அப்பாவுக்குப் புரையேறியது. பையன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். "என்ன இப்படிச் சிரிக்கறாங்க?"

"துணி கிளிப்ப காக்கா தூக்கிட்டுப் போச்சு."

அவன் அம்மா சிரிக்கவில்லை. போய்ப் போன் பண்ணுகிறோம் என்றார்கள். போனார்கள்.

"ரெண்டு பேருமாச் சேந்து கெடுத்துட்டீங்க," என்றார் மாமா. நான் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்ல எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம்.

"இந்தத் துண்டு எங்க?"

"நீங்கதான் தெனம் அதுல தலை தொவட்டறீங்கப்பா," என்றாள் நந்தினி.

மாமா நாற்காலி போட்டு ஏறினார். ஃபிரேமை இறக்கி, பின்பலகையைத் திறந்து, என் தாளைக் கண்ணாடிக்கும் பழைய படத்துக்கும் நடுவில் செருகினார். பழையதை எடுத்துவிடச் சொன்னேன்.

"இருக்கட்டும். பின்னால முட்டு வேணும்ல?"

ஏ4 சிறியது. சுற்றிலும் பழைய படத்தின் ஓரம், கீழே பட்டுக் கரை தெரிகிறது. போன் வரவில்லை.