வீட்டுத் துணி

அன்புள்ள வாலுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் என் தையல் மிஷினும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் அக்கா அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம்தான். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைத் தடுப்பு. நான் இந்தப் பக்கம் தும்மினால் அவள் அந்தப் பக்கம் வெந்நீர் வைப்பாள்.

முதலில் ஒன்று சொல். போன முறை நீ அனுப்பிய பார்சலில் என்ன வைத்தாய்? சாக்லேட் என் கைக்கு வந்தது. கூடவே ஒரு டப்பா இருந்தது, அதை நான் பார்ப்பதற்குள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கேட்டதற்கு இரும்புச்சத்து மாத்திரையாம். நர்ஸ் தங்கச்சி இருக்கும்போது உங்களிடம் ஏன் கேட்க வேண்டும் என்கிறாள். மாத்திரைக்கு எதற்குப் பூட்டு?

உனக்குத் தெரியாததில்லை. முன்னெல்லாம் உன் அக்கா காலையில் எழுந்ததும் சொல்கிற வார்த்தை "அசதியா இருக்கு". படுக்கப் போகும்போது சொல்வதும் அதேதான். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே மேசைமேல் தலை சாய்ந்துவிடும், ஊசி விரலிலேயே இருக்கும். அந்த வயதில் பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். கொஞ்சம் படுத்து எழுந்திரு, சாயங்காலம் டெலிவரி இருக்கு என்பேன். வேறு என்னதான் சொல்வது?

இப்போது அவளா இவள் என்று இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு போகும் நேரம் பார்த்து, மிஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். எங்கே என்றால் காத்து வாங்கவாம். திரும்பி வரும்போது முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்து நிற்கிறாள். எந்த ஊரில் காத்து வாங்கினால் இப்படி வியர்க்கிறது? தினமும் போக வேண்டுமா என்று தன்மையாகத்தான் கேட்டேன். "ஏன், அதுக்கும் உங்ககிட்ட டோக்கன் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். குளிக்கும்போது பாட்டு வேறு.

இன்னொன்றும் கேள். போன வாரம் சீருடைத் துணி மூட்டை வந்து இறங்கியது. வண்டிக்காரரும் நானும் சேர்ந்துதான் எப்போதும் உள்ளே இழுப்போம். நான் சில்லறை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் இவள் அதைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டாள். வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு மானம் போய்விட்டது.

நான் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையும் கை பிடிக்கிறதாம். எப்படிப் பிடிக்கும்? கல்யாணம் ஆன புதிதில் ஒரு தடவை அளவு எடுத்தவன், அதற்குப் பிறகு அவளுக்கு டேப்பைத் தொட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். அந்தக் கை எப்படித் திடீரென்று பெருக்கும்?

உன் அக்காவைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடாதே. சந்தேகமெல்லாம் இல்லை. ஏதோ இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும், அவ்வளவுதான். உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் அத்தான்

*

அன்புள்ள வாலுக்கு,

உன் பதில் வந்தது. "அக்கா நல்லா இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம் அத்தான்" என்று ஒரே வரி. நர்ஸ் வேலைக்குப் போனவள் வக்கீல் வேலைக்குப் போயிருக்கலாம்.

நீ சொல்லாவிட்டால் போகிறது, நானே கண்டுபிடித்துவிட்டேன். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மாடியில் துணி எடுக்கப் போனேன். கொடியில் கருநீலத்தில் ஒரு பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் பேன்ட். உன் அக்கா அளவு. நான் தைத்ததில்லை. கடையில் வாங்கியதாக இருந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், தையல்காரன் கைவேலை. பாக்கெட் வாயில் தையலை இரண்டு தரம் அடித்துப் பூட்டியிருந்தான். இந்த ஊரில் அப்படிப் பூட்டுகிறவன் ஒருத்தன்தான், சந்தை முனையில் கடை வைத்திருக்கும் ஒட்டகம். அவனும் நானும் ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள். உயரம்தான் உண்டு, அவனுக்குக் காலர் இன்றுவரை ஒழுங்காக உட்காராது. ஒரு தையல்காரன் பெண்டாட்டி இன்னொரு தையல்காரனிடம் போய் அளவு கொடுத்திருக்கிறாள்! இதைவிட எனக்கு என்ன வேண்டும்? கொடிக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேரே அவன் கடைக்குப் போனேன். ஒட்டகம் பயப்படவே இல்லை, டீ சொல்லட்டுமா என்றான். "அண்ணி துணி கொண்டாந்தாங்க, தெச்சுக் குடுத்தேன். அளவு எடுத்தது என் பொண்டாட்டி, நீங்க முறைக்காதீங்க" என்று சிரித்தான். எதற்கு அந்தப் பேன்ட் என்றேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய விளையாட்டுக் கூடம் இருக்கிறதே, அங்கே போய்ப் பாருங்கள் என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

போனேன். வாசல் வழியாகப் போகவில்லை, பக்கத்து ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள், எல்லாம் நரை விழுந்தவர்கள். மருந்துக் கடைக்காரர் மனைவி, தபால்கார அம்மா, யார் யாரோ. ரிட்டயரான விளையாட்டு டீச்சர் ஒருத்தி விசில் தொங்கவிட்டுக்கொண்டு நடுவில் நின்றாள். உன் அக்கா அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஓர் இரும்புக் கம்பிக்கு முன்னால் நின்றாள். இரண்டு முனையிலும் சக்கரம் மாதிரி எடை. குனிந்து, பிடித்து, ஒரே மூச்சில் இடுப்புவரை தூக்கினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், எனக்குத்தான் முதுகு பிடித்தது. கீழே வைத்ததும் ஒரு சத்தம் போட்டாள். வாலு, அப்படி ஒரு சத்தத்தை நான் அவளிடம் கேட்டதே இல்லை. மற்றவர்கள் கை தட்டினார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். வேறு ஒருத்தனோடு பார்த்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவள் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன். அன்றே கேட்டும்விட்டேன். கம்பியைப் பற்றிக் கேட்கவில்லை, பேன்ட்டைப் பற்றித்தான். என்னிடம் கொடுத்திருந்தால் நான் தைத்திருக்க மாட்டேனா, அந்த ஒட்டகத்திடம் போய் என் மானத்தை வாங்க வேண்டுமா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அலமாரியின் அடித்தட்டைக் காட்டி, "உங்ககிட்டதான் முதல்ல குடுத்தேன், அங்கதான் இருக்கும், எடுத்துப் பாருங்க" என்றாள்.

சீருடைக் கட்டுகளுக்கு அடியில் இருந்தது. அதே கருநீலம், கொடுத்த மடிப்பு கலையவில்லை, மடிப்பு ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. டாக்டரம்மா கொஞ்சம் உடம்பை அசைக்கச் சொன்னார்கள், ஒரு பேன்ட் தைத்துக் கொடுங்கள், அளவு எடுங்கள் என்று அவள் கேட்டது எனக்கும் ஞாபகம் வந்தது. உன் அளவு எனக்குத் தெரியாதா, வை என்று சொன்னேன். தையல்காரன் வீட்டுத் துணி கடைசியில்தான் வரும், உலகம் முழுக்க அப்படித்தான். சீருடை நேரத்தில் வாடிக்கையை விட்டுவிட்டு வீட்டுத் துணியை எடுக்க முடியுமா? நீயே சொல்.

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். டாக்டரம்மாவிடம் போனபோது உடம்பில் ரத்தமே இல்லை, எப்படி நடந்து வந்தீர்கள் என்று கேட்டார்களாம். மாதா மாதம் அவ்வளவும் போய்க்கொண்டிருந்ததாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "தெனமும் சொன்னேன்" என்றாள்.

பதில் எழுது. திட்டுவதென்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

*

அன்புள்ள வாலுக்கு,

இந்தக் கடிதம் வரும்போது உன் அக்கா உன் வீட்டில் இருப்பாள். ஒரு மாதம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திரும்பி வர டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று கேட்டேன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? அவளிடம் கேட்டு எழுது. நான் கேட்டேன் என்று சொல்லாதே.

உன் ஊர் மலையில் ஏறப் போகிறாளாம். போன தடவை நாமெல்லாம் ஏறியபோது அவள் அடிவாரத்தில் எல்லோருடைய பைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு உட்காரத்தான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

இங்கே காஜா, பட்டன், ஓரம் மடிப்பது எல்லாம் நான்தான். சோறு வடிப்பதும் நான்தான், குழைந்துவிடுகிறது. நேற்று வெட்டு மேசையில் தலை வைத்தவன் அப்படியே தூங்கிப்போனேன். சீருடை வாங்க வந்த அம்மா எழுப்பி, உடம்பு சரியில்லையா என்றாள். அசதியா இருக்கு என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று காதில் விழுந்தது. அந்த அம்மாவோ, சாயங்காலம் துணி கிடைக்குமா என்று கேட்டாள்.

இனி ஒரு விஷயம். உன் வீட்டில் டேப் இருக்கும். மலைக்குப் போய் வந்து அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது அளவு எடு. தோள், கை, இடுப்பு, உயரம் எல்லாம். கைச்சுற்றளவை இறுக்கிப் பிடிக்காதே, இரண்டு விரல் உள்ளே போகிற மாதிரி விடு. எனக்காக என்றால் ஒட்டகத்திடமே அளவு இருக்கிறது என்பாள். சொல்லக்கூடியவள்தான். போய் வாங்கிக்கொள்ளலாமா என்று நானும் யோசித்தேன். கால் போகவில்லை.

கருநீலத் துணி மேசைமேல் விரித்துக் கிடக்கிறது. சீருடைக் கட்டுகளையெல்லாம் அடித்தட்டுக்குத் தள்ளிவிட்டேன், கேட்டவர்களிடம் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டேன். சாக்பீஸ் கையிலேயே இருக்கிறது, எங்கே கோடு போடுவதென்று தெரியவில்லை. தையலுக்குள் தாராளமாகத் துணி விட்டுத்தான் தைப்பேன். இன்னும் கை பெருத்தாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

நீயும் உன் வீட்டாரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அக்காவை மலையில் அவசரப்படுத்தாதே, அவள் வேகத்தில் ஏறட்டும். அவள் அளவு எனக்குத் தெரியவில்லை என்று சொல். இந்த வார்த்தையை அப்படியே சொல்.

துணியை வெட்டாமல் உட்கார்ந்திருக்கும்,
உன் அத்தான்