மூச்சு உடையும் இடம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

மூன்றாவது பாட்டில், ட்ரம்பெட் தொடங்கும் முன், யாரோ மூக்கால் மூச்சிழுக்கிறார்கள். அது நீதானே? மொட்டை மாடியில் வாசிக்கும்போதும் அப்படித்தான் இழுப்பாய்.

நீ அனுப்பிய மெமரி கார்டைச் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்கிறேன். ஜாஸ் என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதாகத்தான் முதலில் பட்டது. இப்போது ப்ளூஸ் கிட்டார் வாசிக்கும் அந்தப் பெண்ணை விட முடியவில்லை. சண்டை போட்டுவிட்டு, அவளே முதலில் சமாதானத்துக்கு வருகிற மாதிரி வாசிக்கிறாள். "ஊமைச்சிக்கு என்னடி பாட்டு வேண்டிக்கிடக்கு?" என்று முதலாளியம்மா கேட்டார். சிரித்துவைத்தேன்.

போனில் எனக்கு வார்த்தை வராது. கடிதமே போடு.

உன் சுண்டெலி


மார்ச் 20

என் சுண்டெலிக்கு,

பள்ளிக்கூடத்தை விட்டாலும் காதை விடவில்லை நீ. மூச்சு என்னுடையதுதான்.

பழைய மேதைகள் எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள். இன்று வாசிக்கிறவர்களைக் கேள். இதோடு அனுப்பும் புதுக் கார்டில் ஒரு பியானோக்காரர், ஒரு சாக்ஸபோன்காரி, என்னைவிடச் சின்னவனான ஒரு ட்ரம்பெட்காரன் இருக்கிறார்கள். மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதே. எங்கே நிறுத்துகிறார்கள், நிறுத்திய பிறகு எப்படித் திரும்பி வருகிறார்கள் என்று கவனி. கடைசியில் எங்கள் குழு போன வாரம் வாசித்ததும் இருக்கிறது.

நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

நீ ஒரே மூச்சில் வாசிக்கும் அந்த நீண்ட வரி, புதிய பதிவில் நடுவிலேயே உடைகிறது. பிறகு மைக்கைக் கையால் பொத்தின மாதிரி ஒரு சத்தம். இருமினாயா? அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டேன். திட்டு வாங்கியதுகூடப் பெரிதில்லை, அண்ணா. பயமாக இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் சுண்டெலி


ஏப்ரல் 19

பயந்தாங்கொள்ளிக்கு,

இப்போதெல்லாம் வாசிப்பதே அப்படித்தான். எல்லோரும் நடுவில் உடைக்கிறார்கள், நீயே கேட்டுப் பார். இதைப் போய் அம்மா காதில் போடாதே.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடி எல்லோரையும் கேட்டேன். அந்தச் சின்ன ட்ரம்பெட்காரனும் உடைக்கிறான். ஆனால் நின்றுவிட்டுத் திரும்பும்போது, முன்னைவிடப் பெரிதாக வருகிறான். சாக்ஸபோன்காரியும் அப்படியே. நீ மட்டும்தான் ஒவ்வொரு முறையும் சின்னதாகத் திரும்புகிறாய். கேட்கக் கற்றுக்கொடுத்தவனே நீதான், என்னிடம் மறைக்க முடியுமா?

நீ வாசித்ததைப் போட்டு, இயர்போனில் ஒன்றை அம்மா காதில் வைத்தேன். அம்மாவுக்கு ஜாஸ் என்ன தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இவனுக்கு மூச்சு வாங்குதுடி" என்றாள். அப்புறம் பையை இறக்கித் துணி எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

ரயில் நிலையத்துக்குத் தனியாகப் போனேன். எனக்குப் பின்னால் நீள வரிசை. கவுண்டரில் இருந்தவர் இரண்டு முறை, "என்னம்மா, சத்தமா சொல்லு" என்றார்.

மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி உன் ஊர்ப் பெயரைச் சொல்லி, இரண்டு டிக்கெட் கேட்டேன்.

உன் சுண்டெலி