பாட்டு வெளிவராத பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்று நூற்று நாற்பது காப்பீட்டுப் படிவங்கள் சரிபார்த்தேன். கண் எரிகிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் ஒரு காகிதத்தை நீட்டினான். அதில் மூன்று டாக் பெட்டிகளின் பெயர்கள். எண்களாக வரும் பாட்டை ஒலியாக மாற்றித் தருவதுதான் டாக். எங்கள் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. தனியாக வாங்கினால் இன்னும் துல்லியமாகக் கேட்கும் என்று எங்கோ படித்திருக்கிறான்.

"நீதானே படிச்சவ. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

நான் படித்தது வணிகவியல். சொல்லவில்லை. இந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு பட்டம். அம்மாவின் மாத்திரை அட்டை, வரி நோட்டீஸ், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் எல்லாம் அதனிடம்தான் வரும். "தெரியாது" என்று நான் சொன்னால் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அண்ணனுடையது இன்னும் மோசம். அவன் பத்தாவதோடு நின்றதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

மார்ச் 6, வெள்ளி

பேருந்தில் நின்றுகொண்டே விமர்சனங்கள் படித்தேன். ஒருவர் "திரை விலகியது போல" என்கிறார். அதே பெட்டியை இன்னொருவர் "உயிரே இல்லை" என்கிறார். யாரை நம்புவது? அளவீட்டு வரைபடங்கள் இருந்தன. எந்தப் பெட்டிக்குக் கோடு நேராகப் போகிறதோ அதையே சொல்லிவிட்டேன். எனக்குப் புரிந்தது அந்தக் கோடு மட்டும்தான்.

மார்ச் 10, செவ்வாய்

பெட்டி வந்தது. ஒயர்களை நான்தான் மாட்டினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் முகப்பில் எண் மாறுகிறது.

"இது என்ன, கரண்ட் மீட்டரா?" என்றாள் அம்மா.

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டான். கண்ணாடிப் பாட்டில் ஆலையில் நாள் முழுக்கச் சத்தத்தில் நிற்பவன். அங்கே காதடைப்பான் போடுவது அவன் ஒருவன்தான். 'மகாராஜா காது' என்று கிண்டல் செய்வார்களாம். "காதை வீட்டுக்குப் பத்திரமா கொண்டு போகணும்ல" என்பானாம்.

"ம்... நல்லா இருக்கு," என்றான். சிறிது நேரம் கழித்து மறுபடியும், "நல்லா இருக்கு."

நானும் தலையாட்டினேன். எனக்குக் கேட்டது என்ன? ஒரு பெண் பாடினாள். அவ்வளவுதான்.

மார்ச் 15, ஞாயிறு

அண்ணனின் நண்பர் வெல்டர் வந்திருந்தார். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "மாப்ள, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலயே," என்றார்.

"வெல்டிங்ல கண்ணுதான் போகும்னு நெனச்சேன். உனக்குக் காதும் சேர்ந்து போயிருக்கு. என் தங்கச்சி உக்காந்து படிச்சு எடுத்ததுடா இது!"

"தங்கச்சி, நீ சொல்லும்மா. வித்தியாசம் தெரியுதா?"

இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"தெரியுதுண்ணா," என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

நூற்று அறுபது படிவங்கள். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

தலைவலி. அரை நாள் விடுப்பு. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் தூசு தட்டினேன். அப்போதுதான் பார்த்தேன்.

பாட்டை இணையத்திலிருந்து எடுத்துத் தரும் ஸ்ட்ரீமருக்கு இரண்டு வெளிவழிகள். ஒன்றிலிருந்து புதுப் பெட்டிக்கு ஒயர் போகிறது. இன்னொன்றிலிருந்து பழைய ஆப்டிகல் கேபிள் நேராக ஆம்ப்ளிஃபயருக்கே போகிறது. நான்தான் அதைக் கழற்றவில்லை. எந்த ஒயரின் ஒலியை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் ஆம்ப்ளிஃபயரின் குமிழும் 'ஆப்டிகல்' என்ற இடத்தைவிட்டு நகரவேயில்லை. புதுப் பெட்டிக்குப் பாட்டு போகிறது, அதனால் எண் மாறுகிறது. ஆனால் அதிலிருந்து வெளியே வரும் ஒலியை யாரும் ஆம்ப்ளிஃபயருக்குள் விடவில்லை. மூன்று வாரத்துக்கு மேலாக நாங்கள் கேட்டது பழைய ஒலியைத்தான்.

பெட்டியைத் திருப்பி அனுப்பக் கடைசி நாள் ஒன்பதாம் தேதி.

ஏப்ரல் 3, வெள்ளி

சொல்லவில்லை. அண்ணன் வேலையிலிருந்து வருவதற்குள் குமிழைப் புதுப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.

இரண்டாவது பாட்டிலேயே எழுந்துவிட்டான். "என்னாச்சு இதுக்கு? ஸ, ஷ வர்ற இடமெல்லாம் காதுல குத்துது."

சத்தத்தைக் குறைத்தான். கூட்டினான். ஸ்பீக்கர் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டான். நான் அடுக்களைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? இவனுக்கு நெஜமாவே கேக்குது. எல்லாரும் சும்மா சொல்றாங்கன்னுதானே நெனச்சேன்!

மூன்றாவது பாட்டை அவன் போடவில்லை. நிறுத்திவிட்டு வெளியே போனான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் பார்த்தால் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் போட்டு, திருப்புளியோடு உட்கார்ந்திருக்கிறான்.

"இதுதான் போயிருக்கும். ஒன்பது வருஷமாச்சு. தெறந்து பாத்துடறேன்."

அந்த ஸ்பீக்கர்களை அம்மாகூடத் துணியால்தான் தொடுவாள். முதல் திருகாணியில் கை வைத்தான்.

"தெறக்காதே. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. நான்தான்..."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஸ்பீக்கரை நிமிர்த்தி ஒயரை மாட்டினான். குமிழைப் பழைய இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டான். மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம்.

"அப்போ இத்தனை நாளா எதுக்குத் தலைய ஆட்டின?"

"நீயும்தானே ஆட்டின?"

"நீ எடுத்ததாச்சே. பழைய மாதிரியேதான் இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுண்ணா. கோடு நேரா இருந்துச்சு. அதான் சொன்னேன்."

"எந்தக் கோடு?"

அதற்குள் அழுகை வந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒரு பெட்டிக்குப் போயா அழற?"

பெட்டிக்கு இல்லம்மா.

அண்ணன் திருப்புளியை எடுத்து உள்ளே வைத்தான். திரும்பி வந்து, "வெல்டர்கிட்ட மட்டும் மூச்சு விடாத. சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்," என்றான்.

ஏப்ரல் 8, புதன்

கூரியர்காரர் வந்து பெட்டியை எடுத்துப் போனார். திருப்பி அனுப்பும் காரணத்துக்கு ஆங்கிலத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. அண்ணன் நான்கையும் எழுத்துக்கூட்டிப் படித்தான். நான் சும்மா நின்றேன். 'பிடிக்கவில்லை' என்பதில் அவனே குறி போட்டான்.

இன்றும் நூற்று நாற்பதுக்கு மேல். தோள் வலிக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மதியம் அண்ணன் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். நான் கூடத்தில் துணி மடித்தேன்.

"ஸ்பீக்கரைச் சுவத்தை விட்டு முன்னாடி இழுத்தா நல்லா இருக்குமா?" என்றான்.

"தெரியல."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. ஸ்பீக்கருக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் தெரியல. அந்தப் பக்கம் புடி."